குறட்டை நின்ற நேரங்கள்

முதலில் எனக்கு வெறுத்துப்போனது என் தலையணைதான். காலையில் எழுந்தால் அதில் ஒரு பக்கம் ஈரமாக இருக்கும். வாய் திறந்தே கிடந்து, எச்சில் வழிந்து, பழுப்பாகக் கறை பிடித்திருக்கும். நாக்கு காய்ந்த கருவாடு போல மேலண்ணத்தில் ஒட்டியிருக்கும். கையை வாய்க்கு நேரே வைத்து ஊதிப் பார்த்தால் எனக்கே குமட்டும். உறையை அவித்துத் துவைத்துப் பார்த்தேன், கறை போகவில்லை. ஒருநாள் ஆத்திரத்தில் தலையணையையே அடுப்பில் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று தைத்தேன். கொஞ்ச நாளில் அதுவும் அதே கோலத்துக்கு வந்தது.

அதுதான் நோயின் முதல் அறிகுறி என்று அப்போது தெரியாது. பல் கெட்டுவிட்டது என்று நினைத்து உப்பையும் கிராம்பையும் மென்றுகொண்டிருந்தேன். இதை வாசிக்கிற உங்களுக்கும் காலையில் வாய் உலர்ந்து, தலை கனத்து, இரவெல்லாம் படுத்துக் கிடந்தும் தூங்காத மாதிரி இருந்தால், பல்லை மட்டும் குறை சொல்லாதீர்கள்.

என் பெயர் மல்லிகா. கினிகத்தேனைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிள்ளைக் காம்பராவில் வேலை. தாய்மார் கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை அங்கே விட்டுவிட்டுப் போவார்கள். அவர்கள் திரும்பும்வரை பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. கணவர் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் இருக்கிறார், மாதம் ஒரு தடவை வந்து போவார். மகள் நிரோஷா உயர்தரம் படிக்கிறாள்.

புது வீடு கிடைக்கும்வரை லயத்தில்தான் இருந்தோம். ஒரே தகரக் கூரைக்குக் கீழே வரிசையாகக் காம்பராக்கள். நடுச்சுவர் கூரைவரைக்கும் போகாது. சுவருக்கும் தகரத்துக்கும் இடையே ஒரு முழம் சும்மா கிடக்கும். அந்த வழியாகப் பக்கத்துக் காம்பராவின் புகை வரும், கருவாட்டு வாசம் வரும், புருஷன் பெண்டாட்டி சண்டை வரும். என் குறட்டையும் அந்த வழியாகத்தான் லயம் முழுக்கப் போனது.

காலையில் பீலியில் (ஊற்றுத் தண்ணீர் விழும் பொதுக் குழாய்) தண்ணீர் பிடிக்க நிற்கும்போது யாராவது ஒருத்தி ஆரம்பிப்பாள். "ராத்திரி கொழுந்து லொறி மேட்டுல ஏறுன சத்தம் கேட்டுச்சா?" மற்றவர்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். ஆம்பளை குறட்டை விட்டால் பாவம், உழைத்த களைப்பு. பொம்பளை விட்டால் அது ஊருக்கே பகிடி. எனக்கு வெட்கமும் எரிச்சலும் பொத்துக்கொண்டு வரும். குடத்தை நிரப்பாமலே வந்த நாளும் உண்டு.

எல்லோரையும்விட எனக்குப் பிடிக்காதவள் அடுத்த காம்பரா ராசாத்தி அக்கா. அவளுடைய கோழி என் வாசலில்தான் பேளும். அவளுடைய விறகு என் பக்கத்தில்தான் சரியும். அதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். நான் அசந்து தூங்கும்போது சுவரில் தட்டுவாளே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. செத்துப்போன அவள் புருஷனின் கவ்வாத்துக் கத்தி (தேயிலைச் செடியை வெட்டிக் குட்டையாக்கும் கத்தி) ஒன்று அவள் தலைமாட்டில் கிடக்கும். அதன் முதுகால் கல்லுச்சுவரில் ணங் ணங் என்று அடிப்பாள். நான் திடுக்கிட்டு மூச்சை இழுத்துக்கொண்டு எழுவேன். நெஞ்சு படபடவென்று அடிக்கும். மறுபடி கண் அயர்ந்தால் மறுபடி ணங்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் நேரே கேட்டேன். "ஏங்க்கா, மனுசி தூங்குறதா வேணாமா?"

"நீ தூங்குற. லயமே முழிச்சிருக்கு" என்றாள்.

அதற்குப் பிறகு வெகுநாள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. அவள் கோழி வந்தால் கல்லால் எறிவேன். அவளும் சும்மா இருக்க மாட்டாள், அன்றைக்கு இரண்டு அடி கூடுதலாக விழும்.

தனி வீடு கிடைத்தபோது தோட்டமே கொண்டாடியது. நாங்களும் பால் காய்ச்சினோம். சமையலுக்கு ஒரு இடம், உள்ளேயே கக்கூஸ், எனக்கு ஒரு அறை, மகளுக்கு ஒரு அறை, இரண்டுக்கும் கதவு. வந்தவர்கள் எல்லாம் கதவைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டுப் போனார்கள். எனக்கு அந்தக் கதவைவிடப் பெரிய சந்தோஷம் ஒன்று இருந்தது. இனி யாரும் சுவரில் தட்ட மாட்டார்கள். அந்த ஆறுதலோடு தனி அறையில் கதவைச் சாத்திப் படுத்தேன்.

சில மாதங்களிலேயே நான் மனுசி மாதிரி இல்லாமல் போனேன்.

காய் அரிந்துகொண்டிருக்கும்போது தூங்கினேன். பஸ்ஸில் முன்சீட்டுக் கம்பியில் நெற்றியை இடித்துக்கொண்டு தூங்கினேன். அடுப்பில் வைத்த சோறு தீய்ந்தது தெரியாமல் நின்றுகொண்டே தூங்கினேன். இரவில் கழுத்தை யாரோ நெரிப்பது மாதிரி மூச்சு முட்டி எழுவேன். எத்தனையோ தடவை சிறுநீர் கழிக்க எழுந்து போவேன். சர்க்கரை என்று பயந்து இரத்தம் பார்த்தோம், சர்க்கரை இல்லை. பிரஷர் (இரத்த அழுத்தம்) மட்டும் ஏறியிருந்தது. கண்ணாடியில் பார்த்தால் வீங்கிய கண்ணும் தொங்கிய முகமுமாக எவளோ ஒருத்தி நிற்பாள். அவளைப் பார்க்கவே எனக்கு அருவருப்பாக இருந்தது.

தோட்டத்து மருந்துக்காரர் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "இந்த வயசுல பொம்பளைங்களுக்கு இப்படித்தாம்மா. இரத்தம் கொறைவு. கீரை சாப்பிடுங்க" என்று சத்து மாத்திரை கொடுத்தார். டவுனில் ஒரு டொக்டரிடம் தூக்க மாத்திரை கேட்டு வாங்கினேன். அது அதைவிட மோசம். தூக்க மாத்திரையும் சாராயமும் தொண்டைத் தசையை இன்னும் தளர்த்திவிடும் என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். குறட்டை விடுகிறவர்கள் டொக்டரிடம் குறட்டையைச் சொல்லாமல் அந்த மாத்திரையைத் தொடாதீர்கள். நான் குறட்டையைச் சொல்லவில்லை. வெட்கம்.

ஊராரின் வைத்தியத்தை எழுதினால் உங்களுக்கும் குமட்டும். ஒருத்தி கயிறு மந்திரித்துக் கட்டினாள். ஒருத்தி வேப்பெண்ணெயை மூக்கில் விடச் சொன்னாள், விட்டேன், ஒருநாள் முழுக்க வாந்தி. கணவரின் தங்கை மட்டும் வைத்தியம் எதுவும் சொல்லவில்லை. "தனி வீடு கெடைச்சதும் மகாராணிக்கு சொகுசு வந்துருச்சு" என்று சொல்லிவிட்டுப் போனாள். பசி ருசி அறியாது, நித்திரை சுகம் அறியாது என்பார்கள். என் நித்திரை ஒன்றையுமே அறியவில்லை.

அதன் பிறகுதான் பிள்ளைக் காம்பராவில் அந்தச் சம்பவம் நடந்தது.

மத்தியானம் பிள்ளைகள் தொட்டிலில் தூங்கும் நேரம். கலா என்ற பெண்ணின் மகன் யதுஷன் மட்டும் தூங்காமல் சிணுங்கினான். தவழுகிற வயது. மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தேன். அவ்வளவுதான் எனக்கு ஞாபகம். கண் விழித்தபோது கலா வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தாள். பால் கொடுக்க வந்தவள். மடியில் பிள்ளை இல்லை. வெளியே இஸ்தோப்பின் (வாசல் திண்ணை) ஓரத்தில், மழைத் தண்ணீர் ஓடும் கானுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மண்ணைத் தின்றுகொண்டிருந்தான். இன்னும் கொஞ்சம் நகர்ந்திருந்தால் கானுக்குள் போயிருப்பான்.

பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. கலா அவனை வாரி எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். என் கன்னத்தில் எச்சில் வழிந்திருந்தது, நான் துடைத்தேன்.

"தூங்குறதுக்கா ஒங்களுக்குச் சம்பளம் குடுக்குறாங்க?" என்று கேட்டாள். அவள் கேட்டதில் ஒரு பிழையும் இல்லை.

பிள்ளைக் காம்பராவுக்குப் பொறுப்பான மிஸ் மறுநாள் வந்தார். குரலை உயர்த்தாமல் பேசினார். "நீங்க கஞ்சி காய்ச்சுங்க, துணி தொவைங்க. பிள்ளைகளத் தூக்க வேணாம். கொஞ்ச நாளைக்குப் பாப்போம். சரிவரலைன்னா வேற ஆள்தான் போடணும்." நான் தலையாட்டினேன். கைக்குழந்தைகளின் தலை வாசத்துக்குள்ளேயே வாழ்ந்தவள் நான். அன்றிலிருந்து அவர்களின் மூத்திரத் துணியை மட்டும் தொட்டேன். ஒரு பிள்ளை அழுதால் என் கை தானாக நீளும், உடனே இழுத்துக்கொள்வேன். அந்தக் கையை வெட்டிப் போடலாம் போல இருக்கும். என்னை நம்பிப் பிள்ளையைக் கொடு என்று யாரிடமும் கேட்கத் தைரியம் இல்லை. என்னையே நான் நம்பவில்லை.

நடந்தது காதில் விழுந்து, அந்த வாரம்தான் ராசாத்தி அக்கா எங்கள் புது வீட்டுக்கு முதன்முதலாக வந்தாள். பால் காய்ச்சியபோது கூட வராதவள். நிரோஷா தேத்தண்ணி கொடுத்தாள். ராசாத்தி அக்கா அதைக் குடிக்காமல் என் அறைக் கதவைத் திறந்து கட்டிலைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள்.

"இங்க யாரு தட்டுறா?" என்று கேட்டாள்.

எனக்குச் சுருக்கென்றது. "வீட்டுக்கு வந்தும் அந்தப் பேச்சா அக்கா? ஒருத்தரும் தட்டல. அதுக்குத்தானே இங்க வந்தேன்."

"அடி போடி கூறு கெட்டவளே. நீ கொரட்டை விட்டா நான் ஏன் தட்டப் போறேன்? கொரட்டை நின்னாத்தான் தட்டுவேன்."

எனக்கு விளங்கவில்லை. அவள் கட்டிலில் உட்கார்ந்து சொன்னாள். "நீ லொறி மாதிரி இழுத்துக்கிட்டே இருப்ப. திடீர்னு நின்னுபோகும். மூச்சு பேச்சு ஒண்ணும் வராது. நான் காதைக் குடுத்துக்கிட்டே கெடப்பேன். வரும் வரும்னு பாப்பேன். வராது. தட்டுவேன். கர்ருன்னு இழுத்துக்கிட்டு எந்திரிப்ப. அப்பறந்தான் எனக்குத் தூக்கம்."

"ஏங்க்கா இத ஒரு வார்த்தை சொல்லல?"

"என்னான்னு சொல்ல? ஒன் மாமியா செத்து ஒரு வருசங்கூட ஆகலல்ல அப்ப. அந்தக் கெழவி வந்து ஒன் நெஞ்சுல ஏறி ஒக்காந்திருக்கான்னு நெனச்சேன். இரும்புச் சத்தம் கேட்டா எறங்கிப் போயிரும்ல. இதைச் சொன்னா நீ ராவுக்குப் படுப்பியா?" கொஞ்சம் யோசித்துவிட்டு இன்னொன்றும் சொன்னாள். "எல்லா நாளும் அதுக்குன்னு சொல்ல மாட்டேன். நீ கோழிக்கு எறிஞ்ச நாள்ல கோவத்துலயும் தட்டியிருக்கேன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தூங்கும்போது என் மூச்சு நிற்கிறது என்பதை எனக்குப் பிடிக்காத ஒருத்தி வருடக்கணக்காகத் தெரிந்து வைத்திருந்தாள். எனக்கு மட்டும் தெரியவில்லை. பக்கத்தில் படுத்திருந்த மகளுக்கும் தெரியவில்லை. அவளுக்கு அது பிறந்ததிலிருந்து கேட்ட சத்தம்.

கண்டிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ராசாத்தி அக்காவும் என்னோடு வந்தாள். காது மூக்கு தொண்டைக் கிளினிக் வாசலில் பெஞ்சில் உட்கார்ந்த கொஞ்ச நேரத்திலேயே நான் தூங்கிவிட்டேன். ராசாத்தி அக்கா யாரையோ சிங்களத்தில் ஏசும் சத்தத்தில் விழித்தேன். எதிரே இருந்த ஒரு பையன் என் திறந்த வாயைப் போனில் படம் எடுத்திருக்கிறான். அதை அழிக்கும்வரை அவள் அவனை விடவில்லை. நான் வாயைத் துடைத்துக்கொண்டு குனிந்து இருந்தேன். நோய்கூடப் பெரிதில்லை. அதை மற்றவர்கள் பார்த்துச் சிரிக்கிறார்களே, அதுதான் ஈரக் கம்பளியைப் போர்த்திக்கொண்டது போல உடம்பெல்லாம் கூசச் செய்தது.

டொக்டர் ஒரு சிங்களப் பெண். தமிழ் ஓரளவு பேசுவார். வாயைத் திறக்கச் சொல்லி விளக்கடித்துப் பார்த்தார். கழுத்தை நாடாவால் அளந்தார். தாடை சின்னது, நாக்கு பெரியது, கழுத்தில் சதை கூட என்றார். பிறகு கேட்டார்: "மூச்சு நிக்கிறது யாரு பார்த்தது?"

"நான்தான் மிஸ்" என்றாள் ராசாத்தி அக்கா. "பாக்கல. கேட்டேன். செவுத்துக்கு அந்தப் பக்கம்." மாமியார் கதையையும் கத்தியையும் விடாமல் சொன்னாள்.

டொக்டர் சிரித்தார். ஆனால் ஒன்றையும் தள்ளிவிடவில்லை. "பேய் இல்ல. நாக்கு" என்றார். "தூங்குறப்போ தொண்டை எல்லாம் தளர்ந்து போகும். நாக்கு பின்னால விழும். பாதை மூடும். கொஞ்சம் மூடினா கொறட்டை. முழுசா மூடினா சத்தம் இல்ல, மூச்சும் இல்ல. சத்தம் இல்லாததுதான் பயம்." பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "அம்மா தனியா வந்தா எனக்கு இது தெரியாது. தூங்குற ஆளுக்குத் தெரியாதுதானே."

நோயின் பெயர் ஸ்லீப் அப்னியா (உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வருதல்). மூச்சு நிற்கும்போது மூளை பயந்துபோய் நம்மை அரைகுறையாக எழுப்பும். அந்த எழுப்பல் காலையில் ஞாபகம் இருக்காது. படுக்கையில் கிடந்த நேரம் கணக்கில் இருக்கும், தூங்கிய நேரம் இருக்காது. பிரஷர் ஏறுவது, இரவில் சிறுநீர் போவது, காலைத் தலைவலி, மறதி, எரிந்து விழுவது எல்லாம் அதோடு சேர்ந்தவை. கவனிக்காமல் விட்டால் இதயத்தையும் மூளையையும் தாக்கும். ஒல்லியானவர்களுக்கும் வரும். பெண்களுக்கு வந்தால் வயசு, சோம்பல், இரத்தக் குறைவு என்று பெயர் வைத்து அனுப்பிவிடுவார்கள்.

"அப்ப அக்கா தட்டுனதுதான் என்னையக் காப்பாத்துச்சா?" என்று கேட்டேன்.

"தட்டுறது மருந்து இல்ல" என்றார் டொக்டர். "எழுப்பி எழுப்பி விட்டா அதுவும் தூக்கத்தைக் கெடுக்கும். லயத்துலயும் நீங்க சரியா தூங்கல. ஆனா அவங்க கேட்டது நல்லது." ராசாத்தி அக்காவின் முகம் சுருங்கிவிட்டது. பஸ்ஸில் நாவலப்பிட்டிவரைக்கும் அவள் என்னிடம் பேசவில்லை.

தூக்கப் பரிசோதனைக்கு (உறங்கும்போது மூச்சு, இதயத் துடிப்பு, இரத்தத்தில் உள்ள பிராணவாயு ஆகியவற்றைப் பதிவு செய்வது) நாள் கிடைக்க மாதங்கள் ஆயின. போனால், தலைமுடிக்குள் பிசினைப் பூசி வயர்களை ஒட்டினார்கள். மூக்குக்குள் ஒரு குழாய். நெஞ்சைச் சுற்றி ஒரு பட்டி. அந்தப் பிசின் வாசத்தில் எங்கே தூங்குவது என்று நினைத்தேன். தூங்கிவிட்டேன். என் உடம்புக்குத்தான் வெட்கமே இல்லையே.

காலையில் வயர்களைக் கழற்றிய தம்பியிடம் கேட்டேன். "நின்னுச்சா?"

"நெறைய தரம் நின்னுச்சு அம்மா."

"அப்ப ஏன் எழுப்பல?"

"எழுப்பினா டெஸ்ட் பழுதாப் போகும்."

அவர் சொன்னது சரிதான். எல்லாம் கண்காணிப்பில்தான் இருந்தது, அவசரம் என்றால் ஓடி வந்திருப்பார்கள். எனக்கும் புரிந்தது. ஆனாலும் நெஞ்சு ஆறவில்லை. திரையில் ஒரு கோடு நேராகப் போவதை ஒருவர் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார், நான் மூச்சில்லாமல் கிடந்திருக்கிறேன். பிசின் ஒட்டிய முடியைச் சொறிந்துகொண்டே வீட்டுக்கு வந்தேன்.

வைத்தியம் ஒரு இயந்திரம். சீபெப் என்பார்கள். மூக்கில் மூடி போட்டுக்கொண்டு படுத்தால், காற்றை விடாமல் ஊதித் தொண்டைப் பாதை மூடாமல் வைத்திருக்கும். புதிது வாங்க எங்களால் முடியாது. டவுனில் நாங்கள் அரிசி வாங்கும் கடை முதலாளி, முஸ்லிம் ஆள், 'நானா' (அண்ணன்) என்று கூப்பிடுவோம், விஷயத்தைக் கேள்விப்பட்டு ஒரு பையைத் தூக்கி வைத்தார். "வாப்பாட மெஷின். மௌத்தாகி ஒரு வருசம். சும்மா கெடக்குது. கொண்டு போங்க தங்கச்சி." அவருடைய தகப்பனாருக்கும் இதே நோய் இருந்திருக்கிறது.

நல்ல மனுஷன். கும்பிட்டு வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து திறந்தபோது உள்ளே ஒரு நரைமுடி கிடந்தது. செத்தவர் மூச்சு விட்ட பெட்டி. கையை மூன்று தரம் சோப்புப் போட்டுக் கழுவினேன். கணவர் கொழும்பிலிருந்து புது மூடியும் குழாயும் வடிகட்டியும் வாங்கி வந்தார், கிளினிக்கில் இயந்திரத்தைச் சோதித்து என் அளவுக்கு அமைத்துக் கொடுத்தார்கள். நீங்களும் யாரிடமாவது வாங்கினால் அப்படிச் சோதிக்காமல் போடாதீர்கள்.

அதைப் போட்டுக்கொண்டு படுப்பது எவ்வளவு அசிங்கம் என்பதை மறைக்க மாட்டேன். வாய் திறந்தால் காற்று புஸ்ஸென்று உதட்டைப் பிய்த்துக்கொண்டு வரும். வயிற்றில் காற்று ஏறி ஏப்பமாக வரும். நம்மூர் குளிரில் குழாய்க்குள் தண்ணீர் கட்டி மூக்கில் தெறிக்கும். ஒரு வாரம் கழுவாமல் விட்டேன், கறுப்பாகப் பூஞ்சணம் பிடித்தது. காலையில் மூக்கின் இரண்டு பக்கமும் சிவந்த தழும்பு. நிரோஷா முதல்நாள் பார்த்துவிட்டு, "அம்மா, புள்ளையார் மாதிரி இருக்கீங்க" என்றாள். பிடுங்கி எறிந்துவிட்டுப் படுத்தேன். அப்படிப் பல நாள் எறிந்தேன்.

"போட்டுக்கிட்டே டிவி பாரு" என்றார் கணவர். நல்ல யோசனைதான். விழித்திருக்கும்போது போட்டுப் பழகினால் படுக்கையில் பயம் குறையும். மூக்குக் குழாயைச் சுற்றிப் பழைய கம்பளித் துணியைத் தைத்தேன், தண்ணீர் கட்டுவது குறைந்தது. தினமும் கழுவி, அடுப்படியில் காயவைத்தேன். எல்லாவற்றுக்கும் மேலே, ஒருநாள் காலையில் தலையணையைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது.

அதை முகர்ந்தேன். வெறும் துணி வாசம். அன்றைக்குத்தான் பல வருடங்களுக்குப் பிறகு எனக்குக் கனவு வந்திருந்தது. பெரிய கனவு ஒன்றும் இல்லை, பீலியில் தண்ணீர் பிடிக்கிறேன், குடம் நிறைகிறது. அவ்வளவுதான். எழுந்து உட்கார்ந்து அழுதேன்.

உடனே எல்லாம் சரியாகிவிடாது. பிரஷர் மாத்திரை இன்னும் குடிக்கிறேன். ஆனால் மத்தியானத்தில் கண் தானாக மூடுவது நின்றது. மிஸ் கொஞ்ச நாள் என்னைக் கவனித்தார். பிறகு ஒரு காலையில் கலாவைக் கூப்பிட்டு, "பிள்ளைய மல்லிகாகிட்ட குடுக்குறது ஒங்க விருப்பம்தான்" என்றார்.

கலா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். "டொக்டர் சொன்னாங்களா, நீங்களா சொல்றீங்களா?"

"டொக்டரும் சொன்னாங்க. நானும் சொல்றேன். தூக்கம் வர்ற மாதிரி இருந்தா ஒன் பிள்ளையத் தொட மாட்டேன், மத்தவங்ககிட்ட குடுத்துருவேன்."

அவள் யதுஷனை என் மடியில் வைத்தாள். பால் கொடுக்கும் நேரத்துக்கு முன்னாலேயே இரண்டு தரம் மலையிலிருந்து இறங்கி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். நானாக இருந்தால் அடிக்கடி வந்திருப்பேன்.

இப்போது நேரம் எனக்கு வேறு மாதிரி இருக்கிறது. முன்பெல்லாம் இரவு என்றால் கிழிந்த சாக்கு, எங்கே கை வைத்தாலும் ஓட்டை. பகலும் அப்படித்தான், பாதி ஞாபகம் இருக்காது. இப்போது ஒரு இரவு முழுதாக வருகிறது. ஆனால் உடம்பை முன்போல நம்புவதில்லை. அது என்னைக் கேட்காமலே நின்றுவிடக்கூடிய ஒன்று என்று தெரிந்துவிட்டது. பிள்ளைக் காம்பராவில் தொட்டில்கள் அமைதியாகும்போது மற்றவர்கள் அப்பாடா என்பார்கள். நான் எழுந்து போய் ஒவ்வொரு தொட்டிலிலும் குனிந்து கேட்பேன்.

போன மழைக்கு மரம் விழுந்து கரண்ட் போனது. எங்கள் பக்கம் மழை பிடித்தால் லேசில் விடாது, கம்பி சரிசெய்ய ஆளும் வரவில்லை. கரண்ட் இல்லாவிட்டால் என் இயந்திரம் வெறும் பெட்டி. டொக்டர் சொன்ன மாதிரி தலையை உயர்த்தி, பக்கவாட்டில் படுத்துப் பார்த்தேன். பயத்தில் கண்ணே மூடவில்லை, மூடினால் மூச்சு முட்டி எழுந்தேன். சனிக்கிழமை பழைய மாதிரி தலை கனத்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அரிசி களைந்துகொண்டே தூங்கி விழுந்தேன். மறுநாள் வேலை. யதுஷன் இப்போது நடக்கிறான், கானுக்கு அவனால் ஓடியே போக முடியும். வேலைக்குப் போகாமல் இருந்தால், மல்லிகா மறுபடி தொடங்கிவிட்டாள் என்பார்கள். போனால் என் மடியை நானே நம்ப முடியாது.

மத்தியானச் சோற்றை மூடி வைத்துவிட்டு, தலையணையை எடுத்துக்கொண்டு லயத்துக்கு இறங்கினேன்.

ராசாத்தி அக்கா இஸ்தோப்பில் உட்கார்ந்து கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். என் கையிலிருந்த தலையணையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். "உள்ள எடமில்ல, அடுப்படிப் பக்கம் மகனும் மருமகளும் படுத்திருக்காங்க. ஒன் பழைய காம்பராவுல ஆடு கட்டியிருக்கேன். பரவால்லையா?"

ஆட்டுப் புழுக்கை வாசம் மூக்கைத் துளைத்தது. மூலையில் விறகு, நடுவில் ஈரச் சாக்கு. சுவரோரம் கூட்டிவிட்டுப் பாயை விரித்தாள். என் தலைமாடு இருந்த அதே இடம். மேலே தகரத்துக்கும் சுவருக்கும் இடையில் அதே ஒரு முழம். அவள் அந்தப் பக்கம் போனாள். பாய் உதறும் சத்தம் கேட்டது, இரும்பு ஒன்று தரையில் வைக்கப்படும் சத்தமும் கேட்டது.

தலையணையை இரண்டாக மடித்து வலப்பக்கமாகச் சாய்ந்து படுத்தேன். ஆடு என்னைப் பார்த்துக்கொண்டே அசைபோட்டது. நான் இதையெல்லாம் விட்டுத் தப்பித்துப் போனவள். எனக்கே என்மேல் சீ என்று வந்தது. ஆனால் கண் கனத்தது. அரைத் தூக்கத்தில், சுவருக்கு அந்தப் பக்கம் அவளிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை என்பது உறைத்தது. காதைக் கொடுத்துக் கேட்டேன். அவளுடைய மூச்சுச் சத்தம்கூட இல்லை. அவளுக்கும் வயதாகிவிட்டது. வரும் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. பக்கத்தில் கிடந்த விறகை எடுத்துச் சுவரில் தட்டினேன்.

"என்னடி?"

"ஒண்ணுமில்லக்கா. சத்தத்தையே காணோமேன்னு."

"நான் தூங்குனாத்தானே சத்தம் வரும். நீ மொதல்ல தூங்கு. நான் முழிச்சிருக்கேன்."

விறகைக் கீழே வைத்துவிட்டு நான் தூங்கினேன்.